திரும்பிப் பார்க்கும் பாம்பு

அக்டோபர் 4, வெள்ளி. காட்பாடி

நான் பணிபுரிந்த ராணுவக் கள மருத்துவமனையின் இப்போதைய தலைமை அதிகாரி கர்னல் குல்கர்ணி மீது எனக்குள்ள குறைகள், தேதி வரிசையில்:

1. ஆகஸ்ட் 12. படைப்பிரிவினர் சட்டைக் கையில் தைத்துக்கொள்ளும் சின்னம் மாறப்போவதாக முன்னாள் அதிகாரிகளின் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. பழைய சின்னத்தை வரைந்தவன் உயிரோடிருக்கிறேன். என்னிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை.

2. ஆகஸ்ட் 20. என் முதல் கடிதம். பதில் இல்லை.

3. செப்டம்பர் 3. புதிய வரைபடம் முழு அளவில் கிடைத்தது. கோலைச் சுற்றிய பாம்பு வாயைப் பிளந்து நச்சுப் பல்லைக் காட்டுகிறது. மருத்துவனின் பாம்புக்கு வாய் மூடியிருக்க வேண்டும். கடிக்க வல்லது கடிக்காதிருக்கிறது என்பதே அதன் பொருள்.

4. அதே படம். கோலின் அடியில் அழகுக்காக ஒரு செஞ்சிலுவை. செஞ்சிலுவை அணிகலன் அன்று. அது ஒரு வேண்டுகோள்: இங்கே காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள், சுடாதீர்கள். வேண்டுகோளைப் பொத்தான்போல் தைத்துக்கொள்பவர்களுக்கு அது தேவைப்படும் நாளில் யார் செவிசாய்ப்பார்கள்?

5. செப்டம்பர் 27. சுற்றறிக்கை. 'நீண்டகாலப் பிழையொன்று திருத்தப்படுகிறது. டிசம்பர் முதல் நாளிலிருந்து நமது பாம்பு முன்னோக்கிப் பார்க்கும்.'

ஐந்தாவதை எழுதி முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவினேன். காம்பு ஒன்றுகூட இலையோடு சேரவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பதை நிதானமாகப் பதிவுசெய்கிறேன்.

படைப்பிரிவு தொடங்கப்பட்ட ஆண்டில் நான் இளம் கேப்டன். ஓவியம் தெரிந்த ஒரே மருத்துவன் என்பதால் சின்னம் வரையும் வேலை என்னிடம் வந்தது. கருஞ்சிவப்புத் துணியில் பொன்னிற நூல். நடுவில் கோல். அதை வழவழப்பாக வரையவில்லை; முடிச்சுகளுள்ள மரக்கிளையாக வரைந்தேன். அது செங்கோல் அன்று, நடைக்கோல். மருத்துவன் நோயாளியை நோக்கி நடந்து போகிறவன். கோலைச் சுற்றி ஒரே ஒரு பாம்பு. சின்னம் இடக்கையில் தைக்கப்படும் என்பதால் பாம்பின் தலையை இடப்புறம் நோக்கி வரைந்தேன். அப்படி வரைந்தால்தான், அணிந்தவன் நடக்கும் திசையை அதுவும் பார்க்கும்.

படைப்பிரிவின் தையற்காரர் மெழுகுத்தாளை மறுபுறமாக வைத்துப் பிரதியெடுத்துவிட்டார். எல்லாச் சின்னங்களும் தைக்கப்பட்டு வந்தபோது பாம்பு வலப்புறம் பார்த்தது. இடக்கையில் அணிந்தால், மனிதன் முன்னே போக, பாம்பு திரும்பிப் பின்னால் பார்த்தது. மறுநாள் தொடக்க விழா. நான் எழுத்துமூலம் ஆட்சேபித்தேன். அப்போதைய தலைமை அதிகாரி அதைப் படித்துவிட்டு, "காலைக்குள் எல்லாவற்றையும் நீயே தைத்துக் கொடுப்பதானால் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்.

அதற்குச் சுளுக்குப் பாம்பு என்று பெயர் வைத்தவர் எங்கள் தமிழ் ஓட்டுநர் ஒருவர். பெயர் ஏகாம்பரம்.

நான்காம் ஆண்டு, வடக்கே ஒரு மலைப்பாதையில் குண்டுவீச்சு நடந்த மாலையில், அதே ஓட்டுநர் ஆணையை மீறி ஆம்புலன்ஸைத் திருப்பினார். பின்தங்கிவிட்ட ஓர் அதிகாரியும் காயப்பட்ட இரு சிப்பாய்களும் உயிரோடு மீண்டார்கள். ஏகாம்பரம் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஆணையை மீறியவருக்குப் பதக்கம் பரிந்துரைக்க விதியில்லை. பரிந்துரைக்கப்படவில்லை.

அதன் பிறகு யாரும் சுளுக்கு என்று சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் புறப்படும்போது கடைசியாக ஏறுபவர் இடக்கைச் சின்னத்தைத் தட்டி "பீச்சே தேக்கா?" என்று கேட்பார். பின்னால் பார்த்தாயா என்று பொருள். உள்ளேயிருந்து ஒருவர் இறங்கிச் சுற்றிலும் பார்த்து வந்து "தேக்கா!" என்று சொல்லும்வரை ஓட்டுநர் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கமாட்டார். இதை யாரும் ஆணையாக எழுதவில்லை. நான் ஓய்வுபெற்ற நாள்வரை ஒரு வண்டிகூட அந்தக் கேள்வியில்லாமல் புறப்பட்டுப் பார்த்ததில்லை.

திருத்தப்படவிருக்கும் பிழை இதுதான்.

அக்டோபர் 9, புதன்

இரண்டாவது கடிதத்தின் தமிழ் மூலத்தையும் ஆங்கிலப் பெயர்ப்பையும் பிரதியெடுக்க ஏகாம்பரத்தின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஓய்வுக்குப் பின் இருவரும் ஒரே ஊரில் வந்து சேர்ந்தோம். அவருக்கு இது சொந்த ஊர், எனக்கு மனைவியின் ஊர். கடையின் பெயர்ப்பலகையில் பழைய சின்னத்தைப் பெயின்டரைக்கொண்டு வரைந்து வைத்திருக்கிறார். மழைக்கும் வெயிலுக்கும் பாம்பு வெளுத்து மண்புழுபோல் இருக்கிறது. சொன்னால் வருத்தப்படுவார்.

பிரதியெடுக்கும் காகிதத்தைப் படிக்கக்கூடாது என்ற நாகரிகம் அவரிடம் கிடையாது. புதிய சின்னத்தின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா சாப், பாம்பு பல்ல காட்டுது? டூத்பேஸ்ட் விளம்பரமா?"

"அதைத்தான் மூன்றாவது பத்தியில் எழுதியிருக்கிறேன்."

"எங்க? 'ஒவ்வாமை', 'பொருந்தாமை'ன்னு கீது. டூத்பேஸ்ட்னு எழுதியிருந்தா அந்த கர்னலுக்குச் சட்டுனு புரிஞ்சிருக்கும்."

"நீங்கள் பிரதி எடுங்கள், ஏகாம்பரம்."

"எடுக்கறேன், எடுக்கறேன். எங்க ஓடப்போவுது? ஓடறதுக்கு எனக்குக் காலா கீது?"

இந்த நகைச்சுவையை அவர் எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்வார். புதியவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஓர் இன்பம்.

பிறகு சுற்றறிக்கை அவர் கைக்கு வந்தது. உதடசைய மெல்லப் படித்தார்.

"'எரர்'னு போட்டுக்கீறாங்களே. தப்புதான சாப் அது?"

"பிழை. ஆம்."

"பாம்பு திரும்பினது தப்பு."

"அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்."

"அப்போ நான் திரும்பினது?"

நான் பதில் சொல்வதற்குள் இயந்திரத்தின் மூடியை இறக்கிவிட்டார். பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் ஒருமுறை போய் ஒருமுறை வந்தது. மிச்சப் பக்கங்களை எடுத்துக் கொடுத்தார். ஸ்டேப்ளர் பின்னைச் சாய்வாக அடித்திருந்தார். சுட்டிக்காட்டினேன். பிடுங்கிவிட்டு நேராக அடித்தார்.

அக்டோபர் 12, சனி

மழை. தோள் வலி. கடிதம் விரைவுத் தபாலில் போய்விட்டது.

அக்டோபர் 16, புதன்

என் மனைவி சுகந்திக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. வலது கண்ணில் கட்டு. சொட்டுமருந்தை நான்தான் விடுகிறேன். முப்பது ஆண்டுகள் பிறருக்கு மருத்துவம் பார்த்தவனிடம் ஒரு நோயாளிகூட இவ்வளவு குறை சொன்னதில்லை.

"கன்னத்துல விடறீங்க. கண்ணு இன்னும் மேல இருக்கு."

"அசையாமல் இரு."

"உங்க கை மேல வரமாட்டேங்குது, அத ஒத்துக்கோங்களேன். நான் கீழ உக்காந்துக்கறேன்."

தரையில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினாள். மருந்து சரியாக விழுந்தது. மேல்தட்டிலிருந்த சர்க்கரை டப்பாவையும் அவளே, ஒற்றைக் கண்ணோடு, எட்டி எடுத்தாள். மழைக்காலத்தில் என் வலது தோள் இப்படித்தான்.

மாலையில் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தாள். பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். சிவப்பு மை இல்லாமலே பிழை திருத்துவாள்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்குங்க."

"நன்றி."

"பாராட்டல. இவ்ளோ அழகா எழுதினா, நீங்க கோபமா இருக்கீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" பக்கத்தைப் புரட்டினாள். "ஏகாம்பரம் பேரு, நம்பர், ரேங்க் எல்லாம் இருக்கு. 'பின்தங்கிவிட்ட ஓர் அதிகாரி'ங்கறீங்க. அவருக்கு மட்டும் ஏன் பேரு இல்ல?"

"பெயர் இங்கே பொருளன்று."

"அப்படியா?" என்றாள். கட்டுப் போட்ட கண்ணாலும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அக்டோபர் 19, சனி

குல்கர்ணி தொலைபேசியில் அழைத்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார், இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன். மரியாதையான மனிதர். அது என்னை மேலும் சினங்கொள்ள வைத்தது.

"சார், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாம்பின் வாய் பற்றி நீங்கள் சொன்னது சரி. மூடிவிடுகிறோம். செஞ்சிலுவையையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். யாரும் யோசிக்கவில்லை."

"நன்றி. பாம்பின் திசை?"

"அதுதான் சங்கடம். இங்கே வரும் இளைஞர்கள் கேட்கிறார்கள்: எல்லாப் படைப்பிரிவுகளின் விலங்கும் முன்னால் பார்க்கிறது, நம்முடையது மட்டும் ஏன் ஓடிவந்ததுபோல் திரும்பிப் பார்க்கிறது? நான் என்ன சொல்வது?"

"நடந்ததைச் சொல்லுங்கள்."

"எதை, சார்? இங்குள்ள வரலாற்றுக் குறிப்பில், வாகனம் குண்டுவீச்சில் சேதமடைந்தது, ஓட்டுநர் காயமடைந்தார் என்று ஒரு வரி இருக்கிறது. வண்டி திரும்பியதாக இல்லை. நீங்கள் ஓர் அதிகாரி என்கிறீர்கள். அந்த அதிகாரி யார்? அவர் தன் பெயரில் எழுதிக் கொடுத்தால் நான் மேலிடத்தில் பேசலாம். பெயரில்லாவிட்டால் இது ஒரு கதை. நல்ல கதைதான். ஆனால் கதைக்காகச் சின்னத்தை வைத்திருக்க முடியாது."

அந்த ஒரு வரியை அப்படி எழுதியது ஏகாம்பரத்தைக் காப்பதற்காக என்று அவரிடம் சொல்லவில்லை. ஆணையை மீறியதாக எழுதியிருந்தால் விசாரணை வந்திருக்கும்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மூன்றாவது, நான்காவது குறைகள் தீர்ந்தன. அவர் அழைத்துப் பேசியதால் இரண்டாவதையும் பாதி தீர்ந்ததாகக் கொள்ளலாம். சினம் இம்மியளவும் குறையவில்லை. அப்படியானால் அது அந்த மூன்றின் பொருட்டு எழுந்ததல்ல என்றாகிறது.

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தான். மூடியைச் சரியாகப் போடாமல் போய்விட்டான்.

அக்டோபர் 26, சனி

ஏகாம்பரத்திடம் சாட்சியம் வாங்கப் போனேன். கடையில் கூட்டமில்லை. செயற்கைக்காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்து, எஞ்சிய காலின் முனைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் பொருந்துமிடத்தில் தோல் உரிகிறது. பார்த்தேன், களிம்பு எழுதிக் கொடுத்தேன்.

"அன்று என்ன நடந்ததென்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்."

"உங்களுக்குத் தெரியாதா சாப்?"

"உங்கள் வாயால்."

"சரி, எழுதிக்கோங்க. கடைசி வண்டி என்னுது. மேல இருந்து குண்டு வுழுது. வளைவு தாண்டி வந்துட்டோம். கீழ கல்வெர்ட்டுப் பாலத்துகிட்ட ஒரு ஆபீசரு, அடிபட்ட ரெண்டு பேர வச்சிகினு மாட்டிகினாரு. வயர்லெஸ்ல உத்தரவு வருது: 'திரும்பி வராத, நேரா போ, வண்டில கீற உசுருங்கள காப்பாத்து'ன்னு. ரெண்டு தடவ சொல்லிட்டாரு."

"யார்?"

அவர் பவுடர் டப்பாவைக் கீழே வைத்தார். "யாருன்னா கேக்கறீங்க? அந்தக் கொரல எனக்குத் தெரியாது? அதே கொரல்தான் ரெண்டு வாரம் முன்னாடி வந்து ஸ்டேப்ளர் பின்னு சாய்வா கீதுன்னு என்னத் திட்டிட்டுப் போச்சு."

இது சாட்சியத்துக்குத் தேவையில்லாத பேச்சு. எழுதிக்கொள்ளவில்லை. மேலே சொல்லும்படி கேட்டேன்.

"இன்னா சொல்றது? சரி, உத்தரவு உத்தரவுதான்னு கியர் போட்டேன். ஸ்டியரிங்கப் புடிச்சிகினு கைய பாத்தா, இந்தச் சுளுக்குப் பாம்பு. நான் முன்னால பாக்கறேன், இது மட்டும் பின்னாலயே பாத்துகினு கீது. இன்னாதான்டா அப்படிப் பாக்கறன்னு நானும் திரும்பிப் பாத்தேன். அவ்ளோதான் சாப். பாத்துட்டேன். பாத்துட்டா அப்பறம் எப்படிப் போறது?"

வெளியே ஒரு பெண் வந்து ஆதார் அட்டையை இரு பக்கமும் எடுத்துத் தரச் சொன்னாள். ஒற்றைக் காலில் நின்று மேசையைப் பிடித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். மீண்டும் உட்கார்ந்தார்.

"வண்டில இருந்தவங்கள மொதல்ல பாறை மறைவுல எறக்கிட்டுத்தான் திருப்பினேன். அதையும் எழுதிக்கோங்க. பொறுப்பில்லாம திருப்பினான்னு சொல்லிடப் போறாங்க."

"எழுதிக்கொண்டேன்."

"பதக்கம் இல்லன்னு எனக்கு வருத்தம் கெடையாது சாப். கால் போனாலும் அந்தப் பாம்ப எல்லாரும் தட்டித் தட்டி வண்டி ஏறினாங்க பாருங்க, அது போதும்னு இருந்துட்டேன். இப்ப அத நேரா திருப்பிட்டா, நான் வீட்டுல பேரப் பிள்ளைங்களுக்கு இன்னான்னு சொல்றது? தாத்தா தப்பா திரும்பிட்டேன், இப்பதான் சரி பண்ணாங்கன்னா?"

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

தெருவெல்லாம் வெடி. சன்னல்களைச் சாத்தினேன். ஏகாம்பரம் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆண்டுதோறும் இந்த நாளில் வருவார்; ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை. தொலைக்காட்சியின் ஓசையைக் கூட்டிவைத்துவிட்டு, என்ன நிகழ்ச்சி என்று தெரியாமலே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அணுகுண்டு வெடித்தபோது அவர் தொடையைப் பிடித்தார். நான் தோளைப் பிடித்தேன். சுகந்தி இருவரையும் பார்த்துவிட்டு அதிரசத் தட்டை நடுவில் வைத்தாள்.

"கடிதம் எப்போ போவுது மேடம்?" என்று அவளிடம் கேட்டார் ஏகாம்பரம்.

"உங்க சாபைக் கேளுங்க. நாலு தடவ எழுதி நாலு தடவ கிழிச்சாச்சு. அந்த அதிகாரி பேருகிட்ட வந்தா பேனா நின்னுடுது."

"அது தனிப்பட்ட விஷயம்" என்றேன். "ஒருவன் தன் உயிர் பிழைத்த கதையைச் சொல்லிச் சின்னத்தைக் காப்பாற்றச் சொல்வது அழகன்று. ஒரு கிழவனின் நன்றியுணர்ச்சி என்று ஒதுக்கிவிடுவார்கள். கோரிக்கை கொள்கையின் மேல் நிற்க வேண்டும்."

ஏகாம்பரம் அதிரசத்தை மென்று விழுங்கும்வரை காத்திருந்தார். அவர் குரலில் அத்தகைய கடுமையை நான் கேட்டதில்லை.

"என் காலப் பத்திப் பேரு, நம்பரு எல்லாம் போட்டு ஊருக்கே எழுதிட்டீங்க சாப். உங்க உசுரப் பத்தி மட்டும் பேரு போடாம எழுதுவீங்களா? அது இன்னா நியாயம்?"

தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

முருங்கைக்கீரை உருவினேன். காம்புகள் சேர்ந்துவிட்டன.

நவம்பர் 6, புதன்

சுகந்தி படித்தாள். ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்தாள். ஏகாம்பரம் இரண்டு பிரதிகள் எடுத்தார். இம்முறை ஸ்டேப்ளர் பின் நேராக இருந்தது. ஆங்கிலப் பெயர்ப்பு கர்னலுக்குப் போகிறது; தமிழ் மூலத்தை இங்கே அப்படியே எழுதிவைக்கிறேன்.

கர்னல் குல்கர்ணி அவர்களுக்கு,

நான் முன்வைத்த ஐந்து குறைகளில் முதல் நான்கையும் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். இரண்டை நீங்கள் சரிசெய்தீர்கள். மற்ற இரண்டும் என் தன்மானம் பற்றியவை. அவற்றுக்கு உங்கள் நேரம் தேவையில்லை. எஞ்சியிருப்பது ஒன்று.

பாம்பின் திசையைப் பிழை என்கிறீர்கள். தையற்காரர் செய்தது பிழைதான். அன்றே அதை எதிர்த்து எழுதியவன் நான். ஆனால் ஒரு சின்னத்தின் பொருளை வரைந்தவன் முடிவு செய்வதில்லை. அதை அணிந்துகொண்டு ஒருவன் செய்த செயல் முடிவு செய்கிறது. ஓட்டுநர் ஏகாம்பரம் வண்டியைத் திருப்பிய மாலையில் அந்தப் பிழை தீர்ந்துவிட்டது. இப்போது நீங்கள் திருத்துவது தையற்காரரை அல்ல, அவரை.

அவருடைய சாட்சியத்தை இணைத்துள்ளேன். நீங்கள் கேட்ட அதிகாரியின் பெயரை இக்கடிதத்தின் அடியில் கையொப்பமாக இட்டிருக்கிறேன். திரும்பி வராதே என்று வயர்லெஸில் இருமுறை ஆணையிட்டவன் நான். வண்டியில் காயப்பட்டவர்கள் இருந்தார்கள். என் ஆணை சரியானது. அவர் அதை மீறியதும் சரியானது. இவை இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்கக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து உலகில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நீங்கள் மாற்றவிருக்கும் அந்தத் துணித்துண்டு.

உங்கள் இளைஞர்கள், நம் பாம்பு ஏன் திரும்பிப் பார்க்கிறது என்று கேட்டால், பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறது எனச் சொல்லுங்கள். ஒருமுறை அது பார்த்தபோது, இருந்தேன்.

என் கேள்வி ஒன்றுதான்: ஏகாம்பரம் திரும்பியது பிழையா, இல்லையா? பிழையென்றால் பாம்பைத் திருப்புங்கள். இல்லையென்றால் அப்படியே விடுங்கள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். கேள்வி அவருடையது. ஏகாம்பரம், ஜெராக்ஸ் கடை, காட்பாடி என்ற முகவரிக்கு, உங்கள் கையொப்பத்துடன், எழுத்துமூலமான பதில் நவம்பர் 25, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும்.

லெப்டினன்ட் கர்னல் (ஓய்வு) டாக்டர் க. அறவாழி